ஒரு இஞ்ச் பின்னால்

எதிர்வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் சமையலறை ஜன்னலை அந்தப் பக்கம் பார்த்து வைத்த கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும். அடுப்படியில் நின்றால் அவர்கள் மாடிக் கூடம் தெரிகிறது. கொஞ்சம் குனிந்தால் கீழே கடையின் உள்ளே வரை தெரிகிறது. நான் செய்கிற ஒரே காரியம் குனிவதுதான்.

கடை ஒன்றல்ல, இரண்டு. நடுவில் ஒரு திரைச்சீலை. இந்தப் பக்கம் தையல்காரர், அந்தப் பக்கம் அவர் மனைவியின் ஃபோட்டோ ஸ்டுடியோ. கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் சீலையை விலக்கிக்கொண்டு போய் அடையாள அட்டைக்குப் படமும் எடுத்துக்கொள்ளலாம். அளவெடுப்பவர் வாயைத் திறக்க மாட்டார். படமெடுப்பவள் வாயை மூட மாட்டாள். குடும்பம் அப்படித்தான் சுமூகமாக ஓடுகிறது.

ஸ்டுடியோக்காரிக்குத் தலைக்கனம் உண்டு. இல்லை என்று யாராவது சொன்னால் அவளே கோபித்துக்கொள்வாள். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்: அடையாள அட்டையில் மனுஷ முகத்தோடு இருப்பது எங்கள் தெருக்காரர்கள் மட்டும்தான். மற்ற தெருக்காரர்கள் எல்லாரும் நேற்றுதான் பிடிபட்டவர்கள் மாதிரி இருப்பார்கள். நானே ஒரு தடவை என் அட்டையை வங்கியில் நீட்டியபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் "யார் எடுத்தது?" என்று கேட்டாள். அதை இவளிடம் வந்து சொல்லியிருக்கக் கூடாது. ஒரு மாதம் அதையே பேசினாள்.

அவளுடைய கேமரா டிஎஸ்எல்ஆர். அதாவது உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். படமெடுக்கும்போதெல்லாம் அது துள்ளி மேலே போய்க் கீழே வரும். அதனால் 'டக்' என்று ஒரு சத்தம். மகள் நடக்கப் பழகியபோது வாங்கியது. கைப்பிடி ரப்பர் உரிந்துபோன இடத்தில் தையல்காரர் கறுப்புக் கோட்டுத் துணியை வெட்டி ஒட்டி, ஓரத்தில் தையலும் போட்டுக் கொடுத்திருக்கிறார். கோட்டுப் போட்ட கேமராவை வேறெங்காவது நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

வம்பு அந்த 'டக்'கில்தான் வந்தது.

தையல்காரருக்கு ஒரு தம்பி. பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பார். சாயங்காலமானால் நாடக இயக்குநர் ஆகிவிடுவார். அவர் குழுவுக்கு உடை தைப்பது அண்ணன், படமெடுப்பது அண்ணி. போன நாடகத்தில் கதாநாயகன் படுக்கையில் கிடந்து செத்துப்போகிற கட்டம். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. நான்கூட முந்தானையைக் கண்ணருகே கொண்டுபோய்விட்டேன். அந்த நேரம் பார்த்து முன் வரிசையிலிருந்து 'டக்'. செத்தவன் ஒற்றைக் கண்ணைத் திறந்து எங்கே என்று பார்த்தான். அப்புறம் யாருக்கு அழுகை வரும்? மனைவியாக நடித்தவள் சவத்தின் மேல் விழுந்து குலுங்கியது சிரித்துத்தான்.

அந்தக் கோபத்தை இயக்குநர் அடுத்த நாடகம் வரை பத்திரமாக வைத்திருந்தார். அடுத்த நாடகத்தில் கதாநாயகி யார் தெரியுமா? ஸ்டுடியோக்காரியின் மகள். கல்லூரி முடித்த கையோடு முதல் பெரிய வேடம். ஆம்புலன்ஸ் நிலையத்தில் தொலைபேசி எடுக்கிற பெண்ணாக வருகிறாள். கடைசிக் காட்சியில் வருகிற அழைப்பு அவள் வீட்டிலிருந்தே வருகிறது. ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், ரொம்ப நேரம் சும்மா நிற்க வேண்டும். நாடகமே அந்த நிற்பதில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை இயக்குநர் ஒரு பையோடு வந்தார். நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

"அண்ணி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். இந்தத் தடவை உங்க கேமரா அரங்கத்துக்குள்ள வரக்கூடாது."

"உங்க அண்ணன் தச்ச துணி வரலாமா?"

"விளையாடாதீங்க. கடைசி சீன்ல ஒரு சின்ன சத்தம் கேட்டாலும் போச்சு. இது என் நண்பனோட மிரர்லெஸ் கேமரா. உள்ள கண்ணாடியே கிடையாது, சத்தமும் கிடையாது. இதுல எடுங்க. இல்லேன்னா தாடிக்காரனை வரச் சொல்லியிருக்கேன்."

தாடிக்காரன் என்பது நகரத்தின் மறுகோடியில் கடை வைத்திருக்கும் படக்காரன். அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் எப்படிப் போனது என்று ஜன்னலிலிருந்து சரியாகத் தெரியவில்லை. அதனால் ஒரு கிண்ணம் சர்க்கரை கடன் கேட்டு நேரிலேயே போனேன்.

"என் பொண்ணு மொத தடவை பெரிய வேஷம் கட்டுறா, அதை ஒரு தாடி வந்து எடுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா. சர்க்கரையா? போன வாரம் வாங்கினதே தீர்ந்திருக்காதே."

"விருந்தாளி வந்துட்டாங்க" என்றேன்.

"ஆமா, வந்துதான் இருக்காங்க" என்று என்னை உட்காரச் சொன்னாள்.

மகள் மாடிப்படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, சித்தப்பா சொல்றதுல என்ன தப்பு? இல்லேன்னா அந்த ஒரு இடத்துல மட்டும் எடுக்காத. மத்ததெல்லாம் எடுத்துக்கோ."

"அந்த ஒரு இடத்தை எடுக்கலேன்னா நான் அங்க எதுக்கு? முறுக்கு விக்கவா?"

தையல்காரர் எழுந்து தையல் மேஜைக்குப் போனார். அவர் பேச்செல்லாம் ஊசியில்தான். இரண்டு நாளில் பழைய கேமராவுக்குப் பஞ்சு வைத்து ஒரு மெத்தை உறை தைத்துக் கொண்டுவந்தார். லென்ஸுக்கு ஒரு ஓட்டை, கை நுழைக்க இரண்டு ஓட்டை. குளிர்காலத்துக் குழந்தை மாதிரி இருந்தது கேமரா. கூடத்தில் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு அவள் அமுக்கினாள். 'தொப்'.

"முன்னாடி டக்குனு கேட்டுச்சு" என்றாள் மகள். "இப்ப யாரோ கட்டில்லேர்ந்து விழுந்த மாதிரி கேக்குது."

தையல்காரர் உறையைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். பாவம், வெட்டுத் துணி நல்ல துணி.

வேறு வழியில்லாமல், ஒத்திகைக்குப் போகும் வழியில் வந்திருந்த இயக்குநர் முன்னால் அவள் மிரர்லெஸ்ஸைக் கையில் எடுத்தாள். எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! பிடிக்காத சம்பந்தி வீட்டுக் காப்பியை எடுப்பது போல இரண்டு விரலால் எடுத்தாள். கண்ணில் வைத்தாள், உடனே எடுத்தாள்.

"என்னங்க இது, உள்ள டிவி ஓடுது! என் கேமராவுல கண்ணை வச்சா எதிர்ல இருக்கற ஆள் தெரிவாங்க. இதுல அவங்களோட படம்தான் தெரியுது."

"அதுதான் வசதி அண்ணி. படம் எப்படி வரும்னு எடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

"எனக்கு இது இல்லாமலே தெரியும்."

அடுத்து இன்னொரு சண்டை. அந்தக் கேமராவில் முகத்தைக் காட்டினால் போதும், அதுவாகவே கண்ணைத் தேடி ஒரு சின்னப் பச்சைப் பெட்டியை அதன் மேல் உட்கார வைத்துவிடுகிறது. மகளின் மேல் கேமராவைத் திருப்பியதும் பெட்டி தாவிப்போய் அவள் இடது கண்ணில் உட்கார்ந்தது.

"என் பொண்ணோட கண்ணு எங்க இருக்குன்னு இது எனக்குச் சொல்லித் தருதா? மொதல்ல இதை அணைங்க."

அணைத்தார்கள். பழைய கேமராவில் செய்வது போல நடுவில் இருக்கும் ஒரே புள்ளியை வைத்துத் தானே ஃபோகஸ் செய்வாளாம். சரி, சோதனைக்கு ஒரு முகம் வேண்டும். மகள் ஒத்திகைக்குக் கிளம்பிவிட்டாள். எல்லாரும் சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்திருந்த என்னைப் பார்த்தார்கள்.

நான் அன்றைக்கு நல்ல சேலையில் இருந்தது தற்செயல். ஸ்டூலில் உட்கார வைத்து விளக்கைப் போட்டாள். இப்படித் திரும்புங்க, அப்படித் திரும்புங்க, பக்கத்து வீட்டுச் செய்தி ஒண்ணு கேட்ட மாதிரி பாருங்க என்றாள். அந்தக் கடைசிப் பார்வை எனக்குச் சிரமமில்லாமல் வந்தது. சத்தமே இல்லாததால் எடுத்தாளா இல்லையா என்று தெரியாமல் நான் சிரித்த முகமாகவே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தாடை வலித்தது.

படங்களைப் பெரிய திரையில் போட்டார்கள். போட்டதும் தையல்காரர் முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"மூக்கு."

ஆமாம், மூக்குதான். என் மூக்கு நுனி அத்தனை தெளிவு. ஒவ்வொரு குழியும் தனித்தனியாக எண்ணலாம். கண்கள் இரண்டும் பனிமூட்டத்தில் கிடந்தன. ஒரு படத்தில் அல்ல, எல்லாப் படத்திலும்.

"அக்காவோட மூக்கு எல்லா இடத்துலயும் மொதல்ல போகும்தான்" என்றார் இயக்குநர். "அதுக்காகப் படத்துலயுமா?"

நான் சர்க்கரைக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். போகவில்லை, எடுத்துக்கொண்டேன்.

"கேமரா கோளாறு" என்றாள் ஸ்டுடியோக்காரி. "என் கேமராவுல இப்படி ஒரு தடவை வந்ததா? கேளுங்க இந்தத் தெருவை. இது மூக்குக் கேமரா. உங்க நண்பன்கிட்டயே குடுத்துடுங்க."

இயக்குநர் கேமராவை வாங்கினார். பச்சைப் பெட்டியை மறுபடி போட்டார். என்னைப் பார்த்து ஒரே ஒரு படம் எடுத்தார். திரையில் என் கண்கள் இமைமுடியோடு ஜொலித்தன. படமெடுக்கத் தெரியாத, கணக்குப் பார்க்கிற மனுஷன் எடுத்தது.

"கேமரா நல்லாத்தான் இருக்கு அண்ணி."

அப்போது அவள் முகத்தைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கிற மாதிரி இருந்தது. என்னையே அப்படி நினைக்க வைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "ஒத்திகைக்கு நேரமாச்சு, நாளைக்குள்ள சொல்லுங்க, தாடிக்காரனுக்குப் பதில் சொல்லணும்" என்று இயக்குநர் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து, குனிந்தேன்.

அவள் ஸ்டுடியோ பக்கம் போகவில்லை. தையல் மேஜை மேல் இருந்த இஞ்ச் டேப்பை எடுத்து நீளவாக்கில் விரித்தாள். டேப் தொடங்கும் ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து டேப்பைக் கண் மட்டத்தில் பார்த்தாள். "பத்துல ஒரு குண்டூசி குத்துங்க" என்றாள். கணவர் குத்தினார். புதுக் கேமராவில் ஊசியைக் குறிவைத்து ஒன்று. பிறகு கோட்டுப் போட்ட பழைய கேமராவில் அதே ஊசியைக் குறிவைத்து ஒன்று. அந்த 'டக்' எனக்கு இங்கே கேட்டது. அதற்கப்புறம் இருவரும் திரை முன்னால் அசையாமல் நின்றார்கள்.

எனக்குச் சர்க்கரை மறுபடி தீர்ந்துவிட்டது.

நான் போனபோது இரண்டு படமும் அருகருகே இருந்தன. புதுக் கேமராவில் பத்து பளிச்சென்று இருந்தது, ஊசியோடு. பழையதில் ஊசி மங்கல். பளிச்சென்று இருந்தது பதினொன்று.

"ஒரு இஞ்ச் பின்னால விழுது" என்றாள் மெதுவாக. "நான் எங்க குறி வச்சாலும் இது ஒரு இஞ்ச் தள்ளிப் போய் விழுது."

தையல்காரர் என்னைப் பார்த்தார். கழுத்தில் கிடந்த இன்னொரு டேப்பை உருவினார். அனுமதி கேட்காமல் என் மூக்கு நுனியிலிருந்து கண் மட்டம் வரை எத்தனை ஆழம் என்று பக்கவாட்டில் பிடித்து அளந்தார்.

"ஒரு இஞ்ச்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய இரண்டாவது பேச்சு.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமும் அந்தக் கேமரா கோணல். வாங்கிய நாளிலிருந்தா, நடுவில் எங்காவது இடிபட்டா, யாருக்குத் தெரியும்? கண்ணைக் குறிவைத்தால் காதோர முடி தெளிவாக வந்திருக்கும். அது இவளுக்குப் பிடித்திருக்காது. கையை இழுத்து இழுத்து, எப்போதோ தன்னை அறியாமல் மூக்கு நுனியைக் குறிவைக்கப் பழகியிருக்கிறாள். கண்ணைத்தான் பார்க்கிறோம் என்று மனசு நினைத்துக்கொண்டிருக்க, கை மூக்கில் நிற்கிறது. கேமரா ஒரு இஞ்ச் தப்பு, கை அதே ஒரு இஞ்ச் எதிர்த்தப்பு. இரண்டும் சேர்ந்து எங்கள் தெரு முழுக்கக் கண்கள்.

உட்கார்ந்துவிட்டாள். 'அழப்போகிறாள்' என்று நினைத்தேன். பக்கத்தில் போய்த் தோளைத் தொடலாமா என்றுகூட யோசித்தேன். அவள் தலையை நிமிர்த்தினாள்.

"அக்கா, பாத்தீங்களா? கோணல் கேமராவை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் நேரா எடுத்திருக்கேன். அந்தத் தாடி எடுப்பானா இதுல? எடுக்கச் சொல்லுங்க பாக்கலாம்!"

இதைத்தான் சொல்கிறேன். குழியில் விழுந்தாலும் அங்கிருந்து ஒரு கிரீடத்தோடு எழுந்து வருவாள். ஆனால் அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வீடு வரும் வரை யோசித்தேன், கிடைக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து கையைத் திருத்தும் வேலை தொடங்கியது. துணி காயப்போடும் நான், பூட்டு ரிப்பேர்க்காரர், தபால்காரர், சைக்கிளில் போகிறவர்கள், யாரையும் விடவில்லை. "கண்ணு, கண்ணு, கண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே எடுப்பாள். நிதானமாக எடுத்தால் கண் வந்தது. அவசரப்பட்டால் கை பழைய வீட்டுக்குப் போய்விட்டது: மூக்கு. கையும் அவளைப் போலத்தானே, சொன்னால் கேட்குமா? தெருவில் மூக்குப் படங்கள் பெருகின. பூட்டுக்காரர் தன்னுடையதை வாங்கிப் போய்க் கடையில் ஒட்டிவைத்துவிட்டார். மூக்கு கம்பீரமாக இருந்ததாம்.

இயக்குநர் பதில் கேட்டு வந்தபோது, "தாடிக்காரனை வர வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

"மூக்கு வந்தா?"

"வராது."

"எப்படி நம்பறது?"

"உங்களை நம்பி என் பொண்ணையே அனுப்பியிருக்கேன். நான் கேட்டேனா எப்படி நம்பறதுன்னு?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தையல்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போல டேப்பைத் தம்பியின் கழுத்தில் போட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

நாடகத்தன்று எனக்கு அவளுக்குப் பின் வரிசையில் இடம் கிடைத்தது. கிடைத்தது என்றால், அங்கே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் அந்த நாற்காலி ஆடுகிறது என்று சொன்னேன். அவள் மடியில் புதுக் கேமரா. காலடியில் ஒரு துணிப்பை. அதில் மெத்தை உறைக்குள் பழையது. எதற்கு அதையும் தூக்கி வந்தாள் என்று கேட்டதற்கு, "வீட்ல தனியா இருக்குமே" என்றாள்.

மகள் நன்றாக நடித்தாள். சும்மா சொல்லவில்லை. அந்தப் பெண்ணை நான் தொட்டிலிலிருந்து பார்க்கிறேன். பொய் சொல்லும்போது காதைச் சொறிவாள். அன்றைக்கு இரண்டு மணி நேரமும் காது பக்கம் கை போகவில்லை. அவ்வளவு உண்மையாக இருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. தொலைபேசி அடித்தது. எடுத்தாள். கேட்டாள். வைத்தாள். நின்றாள்.

முன்னால் அவள் அம்மா கேமராவைக் கண்ணில் வைக்காமல் நெஞ்சுக்கு நேராகத் தூக்கினாள். பின்னாலிருந்து எனக்கு அதன் சின்னத் திரை தெரிந்தது. நடுப்புள்ளி மகளின் முகத்தில் தடுமாறியது. கண்ணுக்குப் போனது, மூக்குக்கு இறங்கியது, மறுபடி கண்ணுக்கு ஏறியது. மேடையில் மகள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நிற்பாள்?

அப்போது ஸ்டுடியோக்காரியின் கட்டைவிரல் நகர்ந்தது. ஒரு பொத்தானை அமுக்கினாள். பச்சைப் பெட்டி வந்தது. தாவிப்போய் மகளின் கண்ணில் உட்கார்ந்தது. அவள் மறுப்பு சொல்லவில்லை. அடுத்து எத்தனை எடுத்தாள் என்று தெரியாது, ஏனென்றால் ஒரு ஊசி விழுந்த சத்தம்கூட இல்லை.

பெட்டி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. கீழ்வீட்டில் இரண்டு பேர், அப்புறம் என் தங்கை. அவ்வளவுதான்.

விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. மகள் அதே இடத்தில் அப்படியே நின்றாள். நாடகம் முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. கைதட்டலாமா? முந்திக்கொண்டால் அசிங்கமாகிவிடுமே? இவர் அவரைப் பார்க்கிறார், அவர் மேடையைப் பார்க்கிறார். திரைமறைவில் இயக்குநர் வேர்த்து வழிவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

முன் வரிசையில் துணிப்பை சரசரத்தது, மெத்தை உறை கீழே விழுந்தது.

'டக்.'

அரங்கம் முழுக்கக் கேட்டது. மேடையில் நின்ற பெண் சட்டென்று சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை இறுகியிருந்த முகம் அவிழ்ந்து சிரித்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது கைதட்டல். தையல்காரர் எழுந்து நின்று தட்டினார். அவர் தட்டியதில் சத்தமே கேட்கவில்லை, ஆனால் ரொம்ப நேரம் தட்டினார்.

"யாரு அண்ணி டக்குனது?" என்று பிறகு இயக்குநர் கேட்டார்.

"நாடகம் முடிஞ்சு போச்சுன்னு சபைக்கு யாராவது சொல்ல வேண்டாமா? உங்களுக்கு முடிக்கத் தெரியல, நான் முடிச்சு வச்சேன்."

கடை முகப்பில் கண்ணாடிக்குப் பின்னால் நடுவில் ஒரு பெரிய படம் மாட்டுவது அவள் வழக்கம். இதுநாள் வரை அங்கே இருந்தவர் கொழுந்தனார், கையில் ஒரு கேடயத்தோடு. மறுநாள் அவர் ஓரத்துக்குப் போனார். நடுவில் மகள்: ஃபோனை வைத்த பிறகு நிற்கிற அந்த நிற்பு. இரண்டு கண்களும் இமைமுடியோடு. தெருவில் போகிறவர்கள் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். நானும் கடைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை நிற்கிறேன். எங்கள் தெருப் பெண் இல்லையா?

மிரர்லெஸ்ஸைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்", "இன்னும் கொஞ்ச நாள்" என்று இழுத்து, கடைசியில் அந்த நண்பரிடமே விலைக்கு வாங்கிவிட்டாள். அதற்கும் தையல்காரர் ஒரு கோட்டு வெட்டிக்கொண்டிருக்கிறார், இந்தத் தடவை பழுப்பு. இனிமேல் அரங்கம், தூங்குகிற கைக்குழந்தை, சத்தம் ஆகாத இடமெல்லாம் அதில்தான். பச்சைப் பெட்டி? "எப்பவாவது போட்டுக்குவேன்" என்கிறாள். எப்பவாவது என்றால் எப்பவும். ஜன்னலிலிருந்து தெரிகிறது.

போன வாரம் கேமரா ரிப்பேர்க்காரர் ஒருவர் கோட்டுத் தைக்கக் கொடுக்க வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, அந்த ஒரு இஞ்ச் கோளாறு பெரிய விஷயமே இல்லை, பழைய கேமராவைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்றார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் பாய்ந்து வந்ததைப் பார்க்க வேண்டும். பழைய கேமராவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அதுல கை வச்சீங்க, அவ்வளவுதான். அதைச் சரி பண்ணிட்டா என் கை தப்பாயிடும்."

அடையாள அட்டைப் படங்கள் இப்போதும் அதில்தான். நேற்றுக்கூட ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவள் அவருடைய மூக்கு நுனியைக் குறிவைத்தாள். 'டக்.'

கண் வந்தது. நான் குனிந்து பார்த்தேன்.